கை சூடானால் தலைவலி போகுமா?

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், டொபீகா என்ற ஊரில், மெனிங்கர் நிறுவனம் என்ற மனநல மையம் இருந்தது. 1960களின் பிற்பகுதியில் எல்மர் கிரீனும் அவருடைய சகாக்களும் அங்கே உடல் தளர்வுப் பயிற்சிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். சோதனைக்கு வந்த ஒரு பெண்ணின் கை வெப்பநிலை, பயிற்சி முடியும் தறுவாயில், இரண்டே நிமிடத்தில் 10 டிகிரி பாரன்ஹீட் ஏறியது. விசாரித்தால், அதுவரை தன்னைப் படுத்திக்கொண்டிருந்த மைக்ரேன் என்ற ஒற்றைத் தலைவலி அந்த நேரத்தில்தான் விட்டது என்றார். சேதி ஆய்வகம் முழுக்கப் பரவியது. மைக்ரேன் தொல்லை உள்ள இருவர், கையைச் சூடாக்கத் தாங்களும் பழகிப் பார்க்கிறோம் என்று முன்வந்தார்கள். ஒருவருக்கு நன்றாகவே கேட்டது, மற்றவருக்கு அரைகுறையாக. 1972இலும் 1973இலும் ஜோசப் சார்ஜன்ட், கிரீன், டேல் வால்டர்ஸ் மூவரும் எழுதிய கட்டுரைகள் வெளிவந்தன. தலைவலிக்கு பயோஃபீட்பேக் என்ற சிகிச்சை இப்படித்தான் காலூன்றியது.

அரை நூற்றாண்டு கழித்துத் திரும்பிப் பார்த்தால் விசித்திரமாக இருக்கிறது. அந்தச் சிகிச்சை பிழைத்துக்கொண்டது. அதற்கு அன்று சொன்ன காரணம் பிழைக்கவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் ஒரு பக்கம் "மாத்திரையே வேண்டாம்" என்ற விளம்பரமும், இன்னொரு பக்கம் "எல்லாம் பம்மாத்து" என்ற ஏளனமும் சேர்ந்தே ஓடுகின்றன.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு விரலின் நுனியில் மிளகளவு வெப்ப உணர்வியை டேப் போட்டு ஒட்டுவார்கள். எதிரே திரையில் ஓர் எண், அல்லது ஒரு கோடு, அல்லது ஏறி இறங்கும் ஓர் ஓசை. மனம் பதறினால் பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொள்ளும், விரல்களில் உள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் சுருங்கும், விரல் சில்லிடும். பதற்றம் தணிந்தால் குழாய்கள் விரியும், விரல் கதகதப்பாகும். பரீட்சைக் கூடத்தில் கை ஜில்லிட்டுப் போனவர் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். தெரியாதது, பத்தில் ஒரு டிகிரி அளவுக்கு அது நொடிக்கு நொடி நகர்வது. கருவி அதைக் காட்டுகிறது. ஆள் அதைப் பார்த்துப் பார்த்துப் பழகுகிறார். கை கனமாகிறது, வெதுவெதுப்பாகிறது என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ளும் பயிற்சியை ஜெர்மானிய மருத்துவர் ஜோஹன்னஸ் ஷுல்ட்ஸ் 1930களிலேயே எழுதிவைத்திருந்தார். டொபீகாகாரர்கள் அதை எடுத்து வெப்பமானியோடு சேர்த்துக் கட்டினார்கள்.

முதல் நாளில் அநேகமாக எல்லோருக்கும் ஒரே அனுபவம்தான்: எண்ணை ஏற்றியே தீருவது என்று முனைந்தால் அது இறங்கும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தால் இன்னும் இறங்கும். சரி, போகிறது என்று விட்டுவிட்டு மூச்சைக் கவனிக்கத் தொடங்கினால் கோடு மெல்ல மேலே திரும்பும். முனைப்பைக் கைவிடவும் ஒரு முனைப்பு வேண்டியிருக்கிறது என்பதை வாயால் விளக்கி யாருக்கும் புரியவைக்க முடியாது. ஓர் எண் அதைப் பத்து நிமிடத்தில் புரியவைத்துவிடுகிறது. பயோஃபீட்பேக்கின் உண்மையான பலம் என்று நான் கருதுவது இதைத்தான். நெற்றியிலும் கழுத்திலும் தசை இறுக்கத்தை அளக்கும் முறை, நெற்றிப்பொட்டில் ஓடும் தமனியின் துடிப்பை அளக்கும் முறை என்று வேறு வகைகளும் உண்டு. கற்றுத்தரும் விதம் எல்லாவற்றிலும் ஒன்றே.

இந்தச் சிகிச்சை பிறந்த காலமும் அதற்குத் தோதாக அமைந்தது. இதயத்துடிப்பு, ரத்த ஓட்டம் போன்ற, தானாக நடக்கும் இயக்கங்களைப் பயிற்சியால் கட்டுப்படுத்த முடியாது என்பதுதான் அதுவரை பாடப்புத்தகம் சொன்னது. நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் நீல் மில்லர், தசைகளை முடக்கிய எலிகளுக்குக்கூட அதைக் கற்பிக்க முடிகிறது என்று 1969 வாக்கில் அறிவித்து எல்லோரையும் அதிரவைத்தார். அதே ஆண்டில் பயோஃபீட்பேக் ஆய்வாளர்களின் சங்கமும் உருவானது. 1970இல் சுவாமி ராமா என்ற இந்திய யோகி மெனிங்கர் ஆய்வகத்துக்கு வந்து, ஒரே உள்ளங்கையின் இரு புள்ளிகளுக்கிடையே சுமார் 10 டிகிரி பாரன்ஹீட் வேறுபாட்டை வரவழைத்துக் காட்டினார். பிறகு மில்லரின் எலிச் சோதனைகளை மற்றவர்களாலும் சரி, அவராலேயே சரி, திரும்பச் செய்து காட்ட முடியவில்லை. 1974இல் அவரே அதை வெளிப்படையாக எழுதினார். ஆனால் அதற்குள் கருவிகள் சந்தைக்கு வந்துவிட்டிருந்தன.

காரணத்துக்கு வருவோம். மைக்ரேன் என்றால் தலையின் ரத்தக்குழாய்கள் புடைத்து விரிவது என்ற கொள்கை அன்று ஆட்சியில் இருந்தது. எர்கோட்டமைன் மருந்து தமனியின் துடிப்பைக் குறைத்தபோது வலியும் குறைந்ததை ஜான் கிரஹாமும் ஹரால்ட் உல்ஃபும் 1938இல் காட்டியிருந்தார்கள். அப்படியானால் கைக்கு ரத்தம் பாய்ந்தால் தலையில் நெரிசல் குறையும். கை சூடாவதால் தலைவலி போகிறது. கேட்பதற்குக் கச்சிதமான விளக்கம். வாய்க்காலை வேறு பக்கம் திருப்பிவிடும் இந்தக் கணக்கு யாருக்கும் சட்டென்று பிடிபடும். அதனாலேயே அது நீண்ட நாள் தாக்குப்பிடித்தது.

அதை முதலில் ஆட்டங்காணவைத்தது 1980இல் கியூமன், ராபர்ட்ஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வு. மைக்ரேன் உள்ளவர்களில் ஒரு பிரிவுக்குக் கையைச் சூடாக்கவும், இன்னொரு பிரிவுக்குக் கையைக் குளிர்விக்கவும் பயிற்சி கொடுத்தார்கள். எது எதற்கு என்று பயிற்சி பெற்றவர்களுக்கும் தெரியாது, பயிற்றுவித்தவர்களுக்கும் தெரியாது. கொள்கை சரியென்றால் இரண்டாம் பிரிவினருக்கு வலி கூடியிருக்க வேண்டும். இரு பிரிவுக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடே இல்லை.

நான்கு ஆண்டு கழித்து ஹோல்ராய்ட் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. அது மைக்ரேன் பற்றியதல்ல, இறுக்கத் தலைவலி பற்றியது. பங்கெடுத்தவர்களும் 43 கல்லூரி மாணவர்கள் மட்டுமே. இந்த இரண்டையும் மறக்காமல்தான் அதைப் படிக்க வேண்டும். எல்லோரிடமும் நெற்றித் தசையைத் தளர்த்தப் பழக்குவதாகவே சொன்னார்கள். உண்மையில் பாதிப் பேருக்கு இறுக்கத்தைக் கூட்டத்தான் பயிற்சி. அதோடு, திரையில் காட்டிய தேர்ச்சியும் ஜோடனை. சிலருக்கு "அபாரமாகச் செய்கிறீர்கள்" என்றும், சிலருக்கு "பரவாயில்லை" என்றும் காட்டினார்கள். தசை இறுகியதா தளர்ந்ததா என்பது தலைவலியை அசைக்கவே இல்லை. அபாரம் என்று நம்பவைக்கப்பட்டவர்களுக்கு 53 சதவீதமும், சுமார் என்று நம்பவைக்கப்பட்டவர்களுக்கு 26 சதவீதமும் தலைவலி குறைந்தது. "என்னால் முடிகிறது" என்ற எண்ணம், தசை செய்யாத வேலையைச் செய்திருக்கிறது.

மைக்ரேன் நோயைப் பற்றிய புரிதலும் இதற்குள் மாறிவிட்டது. மைக்ரேனில் முப்பிரிவு நரம்பும் மூளைத்தண்டும் சம்பந்தப்பட்டிருக்கின்றன என்பதும், சிஜிஆர்பி என்ற புரதக்கூறு வலியைக் கிளப்புவதில் முக்கியப் பங்கு வகிக்கிறது என்பதும் இன்று நிலைபெற்ற அறிவு. அதைக் கண்டு நிறுவியதற்காக எட்வின்சன், கோட்ஸ்பி, மாஸ்கோவிட்ஸ், ஒலெசன் நால்வருக்கும் 2021இல் டென்மார்க்கின் மூளைப் பரிசு கிடைத்தது. கோபன்ஹேகனில் மைக்ரேன் வந்திருக்கும்போதே நோயாளிகளை எம்.ஆர்.ஐ. கருவியில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். மண்டையோட்டுக்கு வெளியே ஓடும் தமனிகள் விரியவில்லை. உள்ளே இருப்பவற்றில் சிறு விரிவுதான். அந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. கைக்கு ரத்தத்தைத் திருப்பிவிடும் கதை அதோடு முடிந்தது. ஆனாலும் பல சிகிச்சை மையங்களின் துண்டுப்பிரசுரங்களில் அந்தப் பழைய கதைதான் படம்போட்டு அச்சாகிறது.

அப்படியென்றால் சிகிச்சையும் பொய்தானே? இங்கேதான் அவசரப்படக் கூடாது. ஹோல்ராய்டும் பென்சியனும் 1990இல் அதுவரையிலான ஆய்வுகளைத் தொகுத்தார்கள். ஒரு பக்கம் மைக்ரேன் தடுப்புக்கான ப்ரொப்ரனலால் மாத்திரை. மறுபக்கம் தளர்வுப் பயிற்சியோடு சேர்ந்த பயோஃபீட்பேக். நோயாளிகள் தினமும் எழுதிய தலைவலிக் குறிப்பேட்டின்படி இரண்டிலுமே வலி சுமார் 43 சதவீதம் குறைந்தது. போலி மாத்திரையில் 14 சதவீதம். 2000ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதல், வெப்ப பயோஃபீட்பேக்கையும் தசை பயோஃபீட்பேக்கையும் மைக்ரேன் தடுப்புக்கான முதல்தரச் சான்றுள்ள முறைகளின் வரிசையில் வைத்தது. நெஸ்டோரியுச், மார்ட்டின் என்ற ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2007இல் 55 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது கிடைத்தது நடுத்தர அளவிலான பலன். பயிற்சி முடிந்து சராசரியாக 17 மாதம் கழித்தும் அது தேயாமல் நின்றது. மாத்திரையை நிறுத்தினால் பலருக்கு வலி திரும்பிவிடுகிறது. கற்ற பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. பயோஃபீட்பேக்கின் பக்கம் நின்று ஒரே ஒரு வாதம் வைக்கச் சொன்னால் நான் இதைத்தான் வைப்பேன்.

ஆனால் இந்த எண்களையும் மேலோட்டமாக வாங்கிக்கொள்ளக் கூடாது. மாத்திரைக்குப் போலி மாத்திரை உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து பத்து வாரம் பழகுவதற்குப் போலி எது? தனக்கு என்ன சிகிச்சை நடக்கிறது என்று நோயாளிக்குத் தெரியும். பலன் கண்டதா என்று அளப்பதும் அவரே எழுதும் குறிப்பேடு. அக்கறையோடு கேட்கும் ஒரு ஆள் வாராவாரம் கிடைப்பதன் பலன் எவ்வளவு, கருவியின் பலன் எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. பல ஆய்வுகளில் ஆட்களும் குறைவு. அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு முகமை 2024இல் வெளியிட்ட மதிப்பாய்வு, மைக்ரேன் தடுப்புக்கான நடத்தைச் சிகிச்சைகளில் பெரும்பாலானவற்றுக்கு இருக்கும் சான்றின் வலிமையைக் "குறைவு" என்றே மதிப்பிட்டது. முதல்தரச் சான்று என்றவர்களும் வலிமை குறைவு என்பவர்களும் பார்த்தது கிட்டத்தட்ட ஒரே குவியலைத்தான். இடையில் சல்லடையின் கண்தான் சிறுத்துவிட்டது.

கருவி தேவையா என்ற கேள்வி இங்கிருந்துதான் எழுகிறது. பாஸ்டனில் முல்லலி குழுவினர் 64 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2009இல் வெளிவந்தது. எளிய தளர்வுப் பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிட, அதோடு பயோஃபீட்பேக்கும் பெற்றவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவுமில்லை. செலவும் நேரமும்தான் கூடுதல் என்று கொஞ்சம் காட்டமாகவே எழுதினார்கள். சிறிய ஆய்வு என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் கியூமனும் ஹோல்ராய்டும் சொன்னதோடு அது பொருந்திப்போகிறதே. விரலின் வெப்பம் ஒரு அடையாளம் மட்டும் என்றால், அடையாளத்தை அளக்க ஏன் அவ்வளவு செலவழிக்க வேண்டும்?

என் பதில், கொஞ்ச நாளைக்குத் தேவை என்பது. கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளையின் முதுகில் சுரைக்குடுக்கை கட்டுவோம். உடம்பு மிதக்கும் என்ற நம்பிக்கை வரும்வரைதான் அதற்கு வேலை. "கண்ணை மூடித் தளர்வாக இருங்கள்" என்றால் சிலருக்கு உடனே பிடிபடும். அவர்களுக்குக் கருவி வீண். தான் இறுக்கமாக இருப்பதே தெரியாத இன்னொரு வகை ஆட்கள் உண்டு. தாடையைக் கடித்தபடியே "நான் சாதாரணமாகத்தான் இருக்கிறேன்" என்பார்கள். அவர்களுக்கு அந்த எண் ஒரு சாட்சி. இரு வகையினருக்கும் ஒரே பன்னிரண்டு அமர்வுத் திட்டத்தை விற்பதுதான் இந்தத் தொழிலின் பெரிய குறை. மூன்று நான்கு முறை மட்டும் நேரில் வரச்சொல்லி, மீதியைக் கையேட்டோடு வீட்டிலேயே செய்யவைக்கும் முறையை எட்வர்ட் பிளான்சர்டு போன்றவர்கள் 1980களிலேயே சோதித்துப் பார்த்தார்கள். பலன் பெரிதாகக் குறையவில்லை. அந்தப் பாதை ஏன் பிரபலமாகவில்லை என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம்.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. "உன்னால் முடியும்" என்ற நம்பிக்கைதான் மருந்து என்றால், முடியாமல் போனவருக்கு அதுவே விஷம். மைக்ரேன் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. காலை ஐந்து மணிக்கு எழுந்து அடுப்படியையும் அலுவலகத்தையும் இழுத்துக்கொண்டு ஓடுபவரிடம், தினமும் இருபது நிமிடம் தனியே அமர்ந்து கையைச் சூடாக்குங்கள் என்று சொல்கிறோம். அவருக்கு அந்த இருபது நிமிடம் கிடைப்பதில்லை. வலி குறையாதபோது, "நீங்கள் சரியாகப் பயிற்சி செய்யவில்லை" என்ற பதில் தயாராக இருக்கிறது. மாத்திரை கேட்காவிட்டால் மருத்துவர் மாத்திரையை மாற்றுவார். பயிற்சி கேட்காவிட்டால் பழி நோயாளியின் தலையில். ஏற்கெனவே "டென்ஷன் ஆகாதே, எல்லாம் சரியாகிவிடும்" என்று வீட்டில் கேட்டுச் சலித்தவர் அவர். மரபணுவும் மாதவிடாய்ச் சுழற்சியும் சம்பந்தப்பட்ட ஒரு நரம்பியல் நோயை, குணக்கேடுபோல ஆக்கிவிடும் ஆபத்து இதில் நிச்சயம் இருக்கிறது.

நம் ஊரில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு சில்லறை விஷயம், ஆனால் முக்கியமானது. டொபீகாவின் குளிர்காலத்தில் விரல் 24, 25 டிகிரி செல்சியஸில் தொடங்கி 35 வரை ஏற இடமுண்டு. சித்திரை மாதச் சென்னையில், மின்விசிறி மட்டும் சுற்றும் அறையில், விரல் ஏற்கெனவே 34, 35இல்தான் இருக்கும். மேலே ஏற இடமே இல்லை. பதற்றத்தோடு இருந்தாலும் எண் அழகாகத்தான் தெரியும். ஏ.சி. அறையில் கால் மணி நேரம் அமைதியாக உட்கார்ந்த பிறகுதான் அளவு எதையாவது சொல்லும். இணையத்தில் விரல் வெப்பமானி வாங்கி வீட்டில் முயல்கிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். இங்கே தசை அளவி பொருத்தமாக இருக்கலாம்.

இன்னொரு பக்கம், கருவியில்லாத வழி நமக்கு அந்நியமும் அல்ல. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 160 பேரைச் சேர்த்து, மருந்து மட்டும் ஒரு பிரிவுக்கும் மருந்தோடு யோகா இன்னொரு பிரிவுக்கும் கொடுத்து மூன்று மாதம் கவனித்தார்கள். 2020இல் 'நியூராலஜி' இதழில் முடிவு வந்தது. யோகா சேர்ந்த பிரிவில் தலைவலி வந்த தடவைகளும், வலியின் கடுமையும், விழுங்கிய மாத்திரைகளும் கூடுதலாகக் குறைந்தன. எது யோகா, எது மருந்து என்று மறைக்க முடியாத அதே குறை அதிலும் உண்டு. மூச்சு, தளர்வு, தினசரி ஒழுங்கு, தன்மேல் வரும் பிடிமானம் ஆகிய நான்கும்தான் பயோஃபீட்பேக்கிலும் வேலைசெய்கின்றன என்று நான் சந்தேகிக்கிறேன்.

யாருக்கு இதை முதலில் யோசிக்கலாம்? கர்ப்பிணிகளுக்கு, தடுப்பு மருந்துகள் பலவும் அவர்களுக்கு ஆகாது. குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும். அமிட்ரிப்டிலின், டோபிராமேட் என்ற இரு வழக்கமான மருந்துகளும் இந்த வயதினரிடம் போலி மாத்திரையைவிட மேலாக வேலைசெய்யவில்லை என்று ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியிருக்கிறது. 2024 மதிப்பாய்விலும், பயோஃபீட்பேக், தளர்வுப் பயிற்சி, அறிதல்-நடத்தைச் சிகிச்சை மூன்றும் சேர்ந்த தொகுப்பு இந்த வயதினருக்கே கைகொடுக்கலாம் என்று வந்தது. சிறுவர்களுக்குத் திரையில் எண்ணை ஏற்றுவது விளையாட்டாகவும் இருக்கிறது. மூன்றாவதாக, மருந்துக்கடையில் தானாக வாங்கி வலி மாத்திரையை விழுங்கிக்கொண்டே இருப்பவர்கள். சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மைக்ரேனுக்கான ட்ரிப்டான் அல்லது கூட்டு மாத்திரை 10 நாளோ அதற்கு மேலோ என்று மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரத் தொடங்கலாம். மாத்திரையைக் குறைக்கும் அந்தக் கடினமான வாரங்களில் பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும்.

வலி உச்சத்தில் இருக்கும்போது இதை நம்பி உட்காரக் கூடாது. வாந்தியும் வெளிச்சக் கூச்சமுமாக இருட்டறையில் சுருண்டிருப்பவருக்கு மாத்திரைதான் வேண்டும், அதுவும் சீக்கிரம். திடீரென்று இதுவரை காணாத கடுமையில் வரும் தலைவலி, காய்ச்சலோடோ கைகால் பலவீனத்தோடோ வரும் தலைவலி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலி என்றால் முதலில் மருத்துவரிடம்தான் போக வேண்டும், அதுவும் உடனே.

"மாத்திரையா, பயிற்சியா?" என்ற சண்டைக்கே அர்த்தமில்லை என்று காட்டியதும் ஹோல்ராய்டின் குழுதான். அடிக்கடி மைக்ரேன் வரும் 232 பேரை வைத்து ஓஹியோவில் நடத்திய அந்த ஆய்வு 2010இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. வலி வந்தால் போடும் மருந்தை எல்லோருக்குமே முதலில் சீராக்கிக் கொடுத்தார்கள். அதிலேயே 30 நாளில் 2.1 தாக்குதல்கள் குறைந்தன. அதோடு பீட்டா பிளாக்கர் வகைத் தடுப்பு மாத்திரை மட்டும் சேர்த்தால் அதே 2.1. நடத்தைப் பயிற்சி மட்டும் சேர்த்தால் 2.2. இரண்டும் சேர்ந்தபோதுதான் 3.3. மாத்திரைக்காரர்களும் பயிற்சிக்காரர்களும் இந்த முடிவைத் தங்களுக்குச் சாதகமான பாதியோடு நிறுத்தி மேற்கோள் காட்டுவதைப் பார்க்கிறேன்.

ஆகவே யாராவது இதைத் தொடங்குவதாக இருந்தால், கருவிக்கு முன்னால் ஒரு நாட்காட்டியை வாங்கட்டும். பயிற்சிக்கு முந்தைய ஒரு மாதம் எத்தனை நாள் வலி, எத்தனை மாத்திரை என்று குறித்து வைத்தால்தான் பிந்தைய மாதங்களோடு ஒப்பிட முடியும். தடுப்பு மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். பயிற்சி தரும் இடத்தில், எத்தனை அமர்வுக்குப் பிறகு கருவியில்லாமல் செய்யப் பழக்குவீர்கள் என்று கேளுங்கள். எட்டுப் பத்து வாரத்தில் நாட்காட்டியில் மாற்றம் எதுவும் தெரியாவிட்டால் நிறுத்திவிட்டு வேறு வழி பார்க்கலாம். குற்றம் உங்களுடையது என்று அவர்கள் சொன்னால், அதற்காகவே நிறுத்தலாம்.